பத்தாவது சங்கிலி



கல்முனைக் கரையில் பிறந்த எங்களுக்கு மலை என்பது வயல்வெளிக்கு அப்பால், மேற்கே தெரியும் ஒரு நீலக் கோடுதான். அதைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டுமென்று உம்மாவுக்கு நெடுநாள் ஆசை. சில வருடங்களுக்கு முன் அவரைக் கம்பளைக்கு அழைத்துச் சென்றேன்.

நகருக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 3,500 அடிக்கும் அதிகமான உயரத்தில் நிற்கிறது அம்புலுவாவ மலை. உச்சியில் சுருள்படிகள் கொண்ட வெண்ணிறக் கோபுரம். அதே மலையில் நான்கு மதத்தவரின் வணக்கத்தலங்களும் உண்டு. முச்சக்கர வண்டியில் ஏறினோம். வளைவுக்கு வளைவு உம்மா என் கையைப் பற்றியபடி கலிமாச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அப்போது இப்னு பதூதா ஞாபகத்துக்கு வந்தார். 1344இல் பாவா ஆதம் மலையில் ஏறிய அந்த யாத்திரிகர், அங்கே கண்ட பத்து இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பத்தாவதன் பெயர் கலிமாச் சங்கிலி. அதைப் பிடித்தவன் அடிவாரத்தைப் பார்த்ததும், விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமா மொழிவானாம்.

கம்பளையிலிருந்து அம்புலுவாவைக்குக் கேபிள் கார் விடும் திட்டம் சில வருடங்களாகவே பேசப்பட்டு வருகிறது. கேபிள் கார் என்றதும் நான் முகஞ்சுளிப்பவனல்லன். உம்மாவைப் போன்றவர்களுக்கு அது பேருதவி. மலையைக் குடைந்து பாதை வெட்டுவதைவிடத் தூண்கள் நாட்டுவதால் மண்ணுக்குச் சேதமும் குறைவாக இருக்கலாம். தமிழகத்தின் பழனியில் 2004இல் ரோப் கார் ஓடத் தொடங்கியபோது முதியோர் மகிழ்ந்தார்கள். ஆனால் 2007இல் நடந்த விபத்தில் நான்கு உயிர்கள் போயின. இன்று மாதத்தில் ஒரு நாளும், வருடத்தில் சில வாரங்களும் அதை நிறுத்திவைத்துப் பராமரிக்கிறார்கள். அந்த எச்சரிக்கை நால்வரின் உயிர் கொடுத்து வாங்கியது.

எனது கவலை கம்பியைப் பற்றியது மட்டுமன்று. கம்பி வந்தால் கூட்டம் வரும். கூட்டத்தின் பின்னால் விடுதியும் கடையும் வரும், சரிவுகள் வெட்டப்படும். மண்சரிவு அபாயமுள்ள கண்டி மாவட்டத்திலேதான் இந்த மலை இருக்கிறது. 2025 நவம்பரில் 'டித்வா' புயல் மலைநாட்டை எப்படிக் குலைத்துப் போட்டது என்பதை நாம் மறக்கவில்லை.

அன்று உச்சியில் நின்று கம்பளை நகரைப் பார்த்த உம்மா, காட்சியின் அழகைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "மகன், மழை பெஞ்சா இந்த மலைக்குக் கீழ இரிக்கிற சனம் எப்பிடிக் கண்மூடும்?" என்றுதான் கேட்டார். 2004 டிசம்பரில் கடல் எழுந்து வந்ததைக் கண்டவர் அவர். இன்றும் அலை சற்று உரத்துக் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து மேலே போகிறவருக்கு அச்சம் இல்லாதிருப்பது நல்லது. ஆனால் திட்டம் வரைபவரும் அனுமதி கொடுப்பவரும் கையெழுத்திடுமுன் ஒருதரம் அந்தப் பத்தாவது சங்கிலியைப் பிடித்து நிற்கட்டும். அடிவாரத்து வீடுகளைக் குனிந்து பார்க்கட்டும். உம்மாவின் கேள்விக்கு விடை கிடைத்த பின் முதற் தூணை நாட்டட்டும்.