பெயர் சுட்டா நெறியும் பேரேட்டு ஆட்சியும்

(தனிமறைவு உரிமை பற்றிய ஒரு பொழிவின் எழுத்து வடிவம்)



அகத்திணைப் பாட்டில் எவர் பெயரையும் சுட்டிக் கூறுதல் கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்று பொதுமையாற் பாடலாமேயன்றி, இன்ன ஊரில் இன்னார் மகள் இன்னாரை விரும்பினாள் என்று ஊரறியப் பாடுதல் புலவனுக்கு ஒல்லாது. புறப்பாட்டோ இதற்கு நேர்மாறானது. அங்கே வேந்தன் பெயர் வரும். அவன் கொடுத்ததும் வரும். கொடாது விடுத்ததும் வரும். இளவெளிமான் சிறிதளவே கொடுத்தபோது அதனைக் கொள்ளாது திரும்பினார் பெருஞ்சித்திரனார். பின்னர்க் குமணன் தந்த யானையை அவன் காவல்மரத்திலேயே கொண்டுவந்து கட்டினார். அவன் பெயரும் அச் செய்தியும் இன்றளவும் நிற்கின்றன. மனைக்குள் வாழ்வார்க்கு மறைவு, நாட்டை ஆள்வார்க்கு வெளிச்சம் என்பதே அப் பழந்தமிழ்ப் பாகுபாடு.

இவ் வகப்பாட்டு மறைவையே இக்காலச் சட்ட நூல்கள் தனிமறைவு உரிமை என்கின்றன. 'அந்தரங்கம்' என்னும் வடசொல் கமுக்கம், ஒளிவு என்ற பொருளையும் உடன்கொண்டு வந்து, ஏதோ தகாத செயலை மூடுவது போன்ற எண்ணத்தைத் தருகின்றது. தனிமறைவு அஃதன்று. தன் உடல்நிலை, தன் வருவாய், தன் நட்பு, தன் வழிபாடு ஆகியவற்றை யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாது விடுவது என்று தானே முடிவு செய்யும் உரிமையே அது.

பெயரை மட்டும் நீக்கிவிட்டால் மறைவு கிட்டிவிடுமா? நெடுநல்வாடையைப் பாருங்கள். நக்கீரர் அப் பாட்டில் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆயினும் வேலின் தலையில் வேம்பு கட்டியிருந்தது என்று ஓரிடத்தில் குறித்துவிட்டார். வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. ஆகலின் இது சுட்டியொருவர் பெயர் கொண்டதாகவே ஆகும், அகமன்று என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தீர்ப்பளித்தார். ஒரு சிறு தழை ஆளைக் காட்டிக் கொடுத்துவிட்டது!

1990களில் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்தில் நிகழ்ந்தது இதுவே. அம் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வுக்கென வெளியிட்டனர். எவர்க்கும் ஊறு நேராது என்று ஆளுநர் வில்லியம் வெல்டு உறுதி கூறினார். அங்குப் பயின்றுகொண்டிருந்த இலத்தானியா சுவீனி என்னும் மாணவி 20 தாலருக்கு நகர வாக்காளர் பட்டியலை வாங்கினார். இரண்டையும் ஒப்பிட்டு, அந்த ஆளுநரின் மருத்துவப் பதிவையே தனித்தெடுத்துக் காட்டினார். பிறந்த நாள், பால், அஞ்சல் குறியெண் ஆகிய மூன்றே போதும், அமெரிக்க மக்களுள் நூற்றுக்கு 87 பேரைத் தனித்து இனங்காணலாம் என்று 2000இல் அவர் கணித்துக் கூறினார். உரையாசிரியர் கண்ட வேம்பு கணிப்பொறிப் பேரேட்டில் ஒவ்வொரு வரியிலும் முளைத்து நிற்கின்றது.

பேரேட்டினால் என்ன கேடு வரும், குற்றம் செய்யாதவன் ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்பார் உளர். நெதர்லாந்து மக்கள் இக் கேள்விக்கு விடை அறிவர். உலகப்போர்க்கு முன்பே அந் நாட்டரசு ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் அட்டை என்று மிகச் செப்பமான மக்கட் பதிவேடு ஒன்றைப் பேணி வந்தது. அதில் சமயமும் குறிக்கப்பட்டிருந்தது. எழுதியவர் எவரும் தீய நோக்கத்தோடு எழுதினாரல்லர். குடிகளும் தயங்காது சொன்னார்கள். 1940இல் இட்லரின் படை புகுந்தது. அட்டைகள் அணியமாக இருந்தன! அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 1,40,000 யூதருள் 1,00,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1943 மார்ச்சு 27 அன்று இரவு ஓவியரும் சிற்பியரும் மாணவரும் அடங்கிய ஒரு சிறு குழு ஆம்சுடர்டாம் பதிவகத்துள் புகுந்து வெடிவைத்து அட்டைகளுக்குத் தீயிட்டது. எரிந்தவை ஒரு பகுதியே. அதற்காக அவருள் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பதிவேட்டைத் தொகுக்கும் அரசும் பயன்படுத்தும் அரசும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு எவ்வுறுதியும் இல்லை.

இக் கொடுமையின் நினைவு செருமானியரிடையே ஆழமாக நின்றது. 1970இல் அந் நாட்டின் எசன் மாநிலம் உலகின் முதல் தரவுக் காப்புச் சட்டத்தை இயற்றியது. நாடு முழுமைக்கும் முதலில் இயற்றியது சுவீடன், 1973இல். பின்னர் மேற்குச் செருமனி 1983இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்த முனைந்தபோது ஊர்தோறும் எதிர்ப்பு எழுந்தது. கணக்கெடுப்பில் பெறும் விடைகளைக் கொண்டு ஊராட்சிப் பதிவேடுகளைத் திருத்திக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு விதி நுழைந்திருந்ததே பெருங் கரணியம். அரசமைப்பு முறைமன்றம் கணக்கெடுப்பை நிறுத்தி வைத்து, அவ் வாண்டு திசம்பர் 15ஆம் நாள் தீர்ப்புரைத்தது. தன்னைப் பற்றிய தரவைத் தானே ஆளும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்றது. கணிப்பொறி வந்தபின் பொருட்படுத்தத் தகாத தரவென்று ஒன்றுமே இல்லை என்றது. இன்னொன்றும் சொன்னது. அதுவே அத் தீர்ப்பின் உயிர். தன் செயல் எங்கே குறிக்கப்படுகின்றது என்று அறியாதவன் கூட்டத்துக்குப் போக அஞ்சுவான். சங்கத்திற் சேரத் தயங்குவான். அதனால் கெடுவது அவன் ஒருவன் வாழ்வு மட்டுமன்று, குடியாட்சியே கெடும் என்பது. ஊராட்சிப் பதிவேட்டு விதி வீழ்ந்தது. பெயரும் முகவரியும் வினாத்தாளினின்று பிரிக்கப்படுமாறு சட்டம் மாற்றப்பட்ட பின்னரே, 1987இல், கணக்கெடுப்பு நடந்தது.

இந்தியாவில் நடந்தது வேறு. உத்தரப் பிரதேசத்தில் கொள்ளை வழக்கொன்றில் சான்றின்மையால் விடுவிக்கப்பட்ட கரக்சிங் என்பவரின் வீட்டுக் கதவைக் காவல்துறையினர் நள்ளிரவுகளில் தட்டி வந்தனர். 1962இல் உச்ச முறைமன்றம் அவ்விரவுத் தட்டலைத் தடுத்தது; ஆனால் தனிமறைவு அரசமைப்பு தரும் உரிமையன்று என்றும் உரைத்தது. நடுவர் சுப்பாராவ் மட்டும், மற்றொருவர் உடன்பட, மாறுபட்டு எழுதினார். அம் மாறுபாடு வெல்ல 55 ஆண்டுகள் ஆயின. ஆதார் திட்டத்தை எதிர்த்து, ஓய்வுபெற்ற நடுவர் புட்டசாமி 2012இல் வழக்குத் தொடுத்தார். அவ் வழக்கில், அப்படியோர் அடிப்படை உரிமையே இல்லை என்று நடுவணரசு வழக்காடியது. 2017 ஆகத்து 24 அன்று நடுவர் ஒன்பதின்மரும் ஒருமனமாக, உண்டு என்றனர். அடுத்த ஆண்டில் ஆதார் சட்டம் சில வரையறைகளோடு நிலைநிறுத்தப்பட்டது. நடுவர் சந்திரசூட் ஒருவரே முழுவதும் மறுத்தார்.

இடையில் தமிழகத்து வழக்கொன்று உண்டு. தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து தன் வரலாற்றை எழுதினான். அதில் அலுவலர் சிலரின் தொடர்புகள் வந்தன. வெளியிடக் கூடாதென்று சிறைத்துறைத் தலைமை அலுவலர் 'நக்கீரன்' இதழுக்கு எழுதினார். 1994இல் உச்ச முறைமன்றம் தனிமறைவை உரிமையென ஏற்றது. ஏற்றுக்கொண்டே, தம் அலுவற் செயலை மூட அலுவலர் அதனைப் போர்வையாக்க முடியாது, அரசு முன்கூட்டித் தடுக்கவும் முடியாது என்றது. நெடுநல்வாடை பாடியவர் பெயரைத் தாங்கிய இதழால் அகமும் புறமும் மீண்டும் பிரித்துக் காட்டப்பட்டன!

2023இல் வந்த எண்முறைத் தனியாள் தரவுக் காப்புச் சட்டத்தை இவ் வளவுகோல் கொண்டே அளக்க வேண்டும். அதில் நன்மை இல்லாமலில்லை. தரவுக் கசிவைத் தடுக்கத் தக்க பாதுகாப்பைச் செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி உருபா வரை தண்டம் உண்டு. தன் தரவைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமை குடிமகனுக்கு உண்டு. ஆனால் அதன் 17ஆம் பிரிவு, நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலியவற்றின் பெயரால், தான் குறிக்கும் எந்த அரசுறுப்பையும் சட்டத்தினின்று விலக்க நடுவணரசுக்கு இடந் தருகின்றது. முறையீட்டைக் கேட்கும் வாரியத்தின் உறுப்பினரை அமர்த்துவதும் அவ்வரசே. வணிகன் கையைக் கட்டிய கயிறு அரசின் கையைத் தொடவில்லை.

இதனினும் பெரிது 44ஆம் பிரிவு. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தனியாள் செய்தியை எல்லா நிலையிலும் மறுக்கவில்லை. பொதுப்பணியோடு தொடர்பிருந்தால் தரலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அச் சொற்கள் முழுவதும் நீக்கப்பட்டன. 'தனியாள் செய்தி' என்பதே மறுப்பதற்குப் போதுமாயிற்று. பொதுநலன் கருதித் தரலாம் என்னும் வேறொரு விதி எஞ்சியிருப்பது உண்மையே. தருவதா என்று எடைபோடுவதோ தர விரும்பாத அலுவலகமே. 2025 நவம்பரில் இம் மாற்றம் உடனே நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் ஆற்றவேண்டிய கடமைகளிற் பெரும்பாலானவற்றுக்கோ 18 திங்கள் காலம் தரப்பட்டது.

இராசத்தானத்துச் சிற்றூர்களில் 1990களில் உழவரும் கூலியாட்களும் மரத்தடியிற் கூடி அரசின் கூலிப்பட்டியலை உரக்கப் படித்தனர். இறந்தவர் பெயரில் கூலி எடுக்கப்பட்டிருந்தது. ஊரில் இல்லாதவர் வேலை செய்ததாக எழுதப்பட்டிருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் அம் மரத்தடிகளிலேதான் கருக்கொண்டது. அப் பட்டியலில் இருப்பவை பெயரும் தொகையுமே. இன்று ஒருவர் அதனைக் கேட்டால், தனியாள் செய்தி என்று ஒரே வரியில் விடை எழுதித் திருப்பியனுப்ப அலுவலருக்கு வழி திறந்திருக்கின்றது.