இருட்டு வீட்டிலும் செடி வளரும்

(நம் குடியிருப்பின் பொங்கல் கூட்டத்தில் பேசியது)



நான் தோட்டக்கலை படித்தவன் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். செடிகளைச் சாகடித்துக் கற்றுக்கொண்டதைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் வீடு தரைத்தளம். பக்கத்து மனையில் கட்டடம் எழும்பியதும் பால்கனிக்கு வெயில் நின்றுபோனது. என் மனைவி வைத்திருந்த துளசி, காம்பு நீண்டு, இலை வெளுத்துக் கொட்ட ஆரம்பித்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, காலையும் மாலையும் ஊற்றினேன். வேர் அழுகிவிட்டது. வேறொன்று வாங்கினோம், அதுவும் போனது. மூன்றாவதும் போனபிறகு, "வேண்டாங்க, பாவம்" என்று சொல்லிவிட்டாள். தொட்டி காலியாகவே கிடந்தது.

பிறகுதான் புரிந்தது. செடி வெளிச்சத்தை வைத்துத்தான் தன் சாப்பாட்டைத் தயாரிக்கிறது. வெளிச்சம் குறைந்தால் தண்ணீரையும் குறைவாகத்தான் குடிக்கும். மீதி மண்ணில் தேங்கி வேரை அழுக வைக்கும்.

"எங்கள் ஹாலில் நல்ல வெளிச்சம் இருக்கிறதே" என்பீர்கள். நம் கண் இருட்டுக்குத் தகுந்தபடி தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதை நம்ப முடியாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். உச்சி வெயிலில் சுமார் 1,00,000 லக்ஸ். என் கைப்பேசியில் இலவச லக்ஸ் மீட்டர் செயலியைப் போட்டு, ஜன்னலிலிருந்து எட்டடி தள்ளிப் பார்த்தேன்: 120! செயலியின் கணக்கு துல்லியமாக இருக்காது. ஆனால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இதற்கு ஊதா நிற விளக்கெல்லாம் வாங்க வேண்டியதில்லை. சாதாரண 20 வாட் வெள்ளை எல்.இ.டி. டியூப் போதும். ஆனால் கூரையில் மாட்டினால் பயனில்லை. செடிக்கு மேலே ஓர் அடி உயரத்தில் இருக்க வேண்டும். நான் புத்தக அலமாரியின் மேல்தட்டுக்கு அடியில் மாட்டினேன். இப்போது அங்கே ஏறக்குறைய 2,000 லக்ஸ் வருகிறது. மணி பிளான்ட், அக்லோனிமா, ஸ்நேக் பிளான்ட் மூன்றும் புது இலை விடுகின்றன.

தினம் 12 மணி நேரம் எரிய வேண்டும். மறந்துவிடுவோம் என்பதால் எலெக்ட்ரிக்கல் கடையில் டைமர் பிளக் வாங்கிச் செருகிவிடுங்கள். இரவில் அணைத்துவிட வேண்டும். செடிக்கும் ஓய்வு தேவை.

கரண்ட் பில்? பழைய தொழில் விடவில்லை, கணக்குப் போட்டுவிட்டேன். 20 வாட், 12 மணி நேரம் என்றால் நாளுக்கு 0.24 யூனிட். இரண்டு மாத பில்லில் 14.4 யூனிட்தான் கூடும். தயவுசெய்து காரிடார் சாக்கெட்டில் செருகாதீர்கள். அது காமன் மீட்டர், செயலாளர் என்னைத்தான் பிடிப்பார்!

இன்னும் சில விஷயங்கள். விரலை மண்ணில் இரண்டு கணு வரை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். அடித்தட்டில் நீர் நின்றால் கொசு வரும், கொட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலைத் தூசியைத் துடையுங்கள். தூசியும் வெளிச்சத்தை மறைக்கும். தண்ணீர் ஊற்றும்போது டியூப் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள்.

துளசி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது வெயில் செடி. அதை ஒரு டியூப்பை நம்பி வைக்க எனக்கு மனம் வரவில்லை. எனவே நிர்வாகக் குழுவிடம் ஒரு வேண்டுகோள். மொட்டை மாடியில் வெயில் படும் ஒரு மூலையை, வெயில் வராத வீட்டுக்காரர்களுக்கு ஒதுக்கித் தாருங்கள். தளம் ஊறாதபடி தொட்டிகளை இரும்பு ஸ்டாண்டில் வைப்போம். சாவிக்கு ஒரு பதிவேடு போட்டு, கையெழுத்து வாங்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். முப்பது வருடம் செய்த வேலைதானே!

அனுமதி கிடைத்த அன்றே அந்தக் காலித் தொட்டியை மேலே கொண்டுபோகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.