கயிற்றைப் பிடித்த கை

வாயில்லா ஜீவன்களுக்கு வைத்தியம் பார்ப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒரு மருத்துவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. வளர்ப்பு நாய்கள் மனிதரைக் கடிப்பதை எப்படித் தடுப்பது என்பதை இன்றைய பொருளாக எடுத்துக்கொள்கிறேன்.

2024 மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. நகரமே பதறியது. சில நாட்களில் தமிழகத்தில் 23 இனங்களுக்குத் தடை அறிவிக்கப்பட்டது. வந்த வேகத்திலேயே திரும்பப் பெறவும்பட்டது. இதே போன்ற தடையைக் கொண்டுவரச் சொல்லி மத்திய அரசு மார்ச் 12 அன்று அனுப்பிய சுற்றறிக்கையை, ஏப்ரலிலேயே கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. எந்த இனம் என்ற வாதத்தில், அந்த நாய்களை யார், எப்படி வளர்த்தார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

இனத்தடை புதிய யோசனை அல்ல. பிரிட்டன் 1991-இல் பிட்புல் உள்ளிட்ட நான்கு வகைகளைச் சட்டம் போட்டுத் தடுத்தது. பிறகு எக்ஸ்எல் புல்லி என்ற புதிய வகை பெருகியது. அதன் தாக்குதலில் உயிர்கள் போன பிறகே, 2023 டிசம்பர் 31 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதையும் வளர்த்து விற்பது குற்றமானது. முரட்டு நாய்தான் வேண்டும் என்பவர் பட்டியலில் இல்லாத இன்னொன்றைத் தேடிப் போகிறார். பட்டியல் அவர் பின்னாலேயே ஓடுகிறது.

அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை நாய் தாக்கி நேர்ந்த 256 மரணங்களை அலசிய ஆய்வு 2013-இல் வெளியானது. அவற்றில் 87 சதவீதத்தில், குறுக்கிட்டுக் காப்பாற்றக்கூடிய எவரும் அருகில் இல்லை. 84 சதவீதத்தில் நாய்க்குக் கருத்தடை செய்யப்படவில்லை. 76 சதவீதத்தில் நாய் மனிதரோடு பழகவிடாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. மூன்றுமே வளர்ப்பவர் கையில் இருப்பவை.

ஒதுக்கி வைப்பது என்றால் என்ன என்று நம் தெருவிலேயே பார்க்கலாம். காவலுக்கென்று வாங்கிய குட்டி, கேட்டருகே குட்டைச் சங்கிலியில் வளர்கிறது. தட்டில் சோறு வருகிறது. நடை இல்லை, விளையாட்டு இல்லை, விருந்தாளி முகம் தெரியாது. பயந்த நாய் கடிப்பதற்கு முன் எச்சரிக்கும். உடல் விறைக்கும். நாக்கு மூக்கை நக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெள்ளை விழி தெரியப் பக்கவாட்டில் பார்க்கும். பிறகு உறுமும். உறுமியதற்காக அடி வாங்கிய நாய், அடுத்த முறை உறுமாமலே கடித்துவிடக்கூடும். எச்சரிக்கையை அடித்து ஒடுக்கியவர் நாம்.

பெரிய நாயின் கடி பெரிய சேதம் செய்யும் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் பெரிய நாய் வளர்ப்பவருக்குப் பொறுப்பும் பெரிது. கனடாவின் கால்கரி நகரம் எந்த இனத்தையும் தடுக்கவில்லை. மூன்று மாதம் நிரம்பிய நாய்க்கு உரிமம் கட்டாயம். கருத்தடை செய்யாத நாய்க்குக் கட்டணம் அதிகம். கடித்த நாய்க்குக் கட்டுப்பாடுகள் உண்டு, அது எந்த இனமாக இருந்தாலும் சரி.

நமக்கும் சட்டம் இருக்கிறது. நாயை எப்போதும் கட்டியே வைத்து, நடக்க விடாமல் இருப்பது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆபத்து தெரிந்தும் பிராணியைக் கவனமின்றி வைத்திருப்பவருக்குப் பாரதிய நியாய சம்ஹிதையின் 291-ஆவது பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. ஆனால் கடி விழுந்த பிறகுதான் இவை நம் நினைவுக்கு வருகின்றன. உரிமம் தரும்போதே நாய் வாழும் இடத்தை நேரில் பார்க்கும் ஏற்பாடு வேண்டும். பொது இடத்தில் கயிறில்லாமல் நாயை விடுபவருக்கு, அது யாரையும் கடிக்காதபோதே அபராதம் விதிக்க வேண்டும்.

கால்நடை மருத்துவ மாணவர்களே, நாளை தடுப்பூசிக்கு நாயைக் கொண்டுவருபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நாய் எங்கே தூங்குகிறது? தினமும் எவ்வளவு நேரம் நடக்கிறது? குழந்தையோடு அதைத் தனியே விடுகிறீர்களா? பதில் சரியில்லையென்றால், ஊசி போட்டதோடு அனுப்பிவிடாதீர்கள், உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். கடிபட இருந்த ஒரு குழந்தையை நீங்கள் அந்த அறையிலேயே காப்பாற்றிவிட முடியும்.