கந்தகத்தைப் பற்றிக்கொள்ளும் நஞ்சு



வெள்ளிக் கொலுசு நாளடைவில் கறுத்துப் போவதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். அது வெறும் அழுக்கன்று. காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகப் பொருள்களோடு வெள்ளி சேர்ந்து கரும்படலமாகிறது. அழுகிய முட்டையின் நாற்றத்துக்கும், தலைமயிர் கருகும்போது எழும் நெடிக்கும் கந்தகமே காரணம். முட்டையிலும் மயிரிலும் உள்ள புரதத்தில் கந்தகம் உண்டு. நம் இரத்தம், நரம்பு, தசை ஆகியவற்றின் புரதங்களிலும் உண்டு. ஈயம், பாதரசம் போன்ற நச்சு உலோகங்களுக்குக் கந்தகத்தின்மீது தீராத நாட்டம். அந்த நாட்டம் நம் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நம் தாத்தாமார் காலத்தில் லாலான் புல்லை அழிக்கவும், முதிர்ந்த இரப்பர் மரங்களைப் பட்டுப்போகச் செய்யவும் தோட்டங்களில் சோடியம் ஆர்செனைட்டு என்னும் கரைசல் பெருவாரியாகப் பயன்பட்டது. ஆர்செனிக் என்பது நம் முன்னோர் பாஷாணம் என்று அஞ்சிய பொருளே. அது முழு உலோகமன்று. ஆயினும் நஞ்சாகும் வகையில் உலோகங்களின் உடன்பிறப்பே. 1960-களில் பாராகுவாட்டு வந்தபின் அதன் பயன்பாடு குறைந்தது. (பாராகுவாட்டும் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அது உலோக நஞ்சன்று. அதன் கதை வேறு.)

ஆர்செனைட்டு நீரில் நன்கு கரையும். கரைந்தபின் நிறத்தாலோ மணத்தாலோ அதைக் கண்டுகொள்ள இயலாது. உடலுக்குள் சென்றதும் அது யாரைப் பிடிக்கிறது? நொதிகளைப் பிடிக்கிறது. உண்ட உணவை வலிமையாக மாற்றும் வேலையாட்களே நொதிகள். அவற்றுள் மிக முக்கியமான ஒன்றுக்கு இரண்டு கந்தக முனைகள் அருகருகே அமைந்த ஒரு கை இருக்கிறது. அந்தக் கையைக் கொண்டே அது வேலை செய்கிறது. ஆர்செனிக் அந்த இரண்டு முனைகளையும் ஒருசேரப் பற்றிக்கொள்கிறது. உளியின் வாயில் ஒட்டுப்பால் இறுகிவிட்டால் மரம் வெட்ட முடியுமா? அதே நிலைதான். வயிற்றில் சோறு இருக்கும். மார்பில் மூச்சு இருக்கும். ஆனால் உயிரணுக்களுக்கு வலிமை கிடைப்பதில்லை. ஓயாமல் உழைக்கும் இதயமும் நரம்புகளும் தளர்ந்து போகின்றன.

இந்த இரகசியத்தைக் கண்டறிந்தவர்கள் அதிலிருந்தே மருந்தையும் கண்டார்கள் என்பது வியப்புக்குரியது. இரண்டாம் உலகப் போரின்போது, லூயிசைட்டு என்ற ஆர்செனிக் நச்சுப் பொருளை எதிரி வீசக்கூடும் என்று பிரிட்டன் அஞ்சியது. ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் என்ற அறிஞரின் குழுவினர், மயிரிலும் நகத்திலும் உள்ள கெராட்டின் புரதத்தோடு அந்த நஞ்சைச் சேர்த்துப் பார்த்தனர். ஓர் ஆர்செனிக் இரண்டு கந்தகங்களைப் பிடித்திருப்பது தெரிந்தது. அப்படியானால், இரண்டு கந்தகக் கரங்கள் உடைய ஒரு சிறு பொருளை நாமே செய்து கொடுத்தால், நஞ்சு புரதத்தை விட்டுவிட்டு அதனிடம் வந்துவிடாதா என்று எண்ணினர். அவ்வாறே வந்தது! அம்மருந்தின் பெயர் டைமெர்காப்ரால். நண்டு தன் இரு கொடுக்குகளால் இரையைக் கவ்வுவது போல அது நஞ்சைக் கவ்வி, சிறுநீர் வழியே வெளியேற்ற உதவுகிறது. இதனைக் கொடுக்கிணைப்பு என்பர்.

ஆனால் மருந்து உண்டென்று அலட்சியமாயிருக்க இடமில்லை. சிதைந்துவிட்ட நரம்பை அது புதிதாக்கித் தராது. மேலும், உலோக நஞ்சு மற்ற நஞ்சுகளைப் போன்றதன்று. கிருமி கொதிநீரில் மடியும். பல பூச்சிமருந்துகள் வெயிலிலும் மண்ணிலும் நாளடைவில் சிதையும். ஆர்செனிக்கும் ஈயமும் பாதரசமும் தனிமங்கள். அவற்றைக் கொதிக்க வைத்து அழிக்க முடியாது. நீர் வற்ற வற்ற, எஞ்சிய நீரில் நஞ்சு செறிவடையவே செய்யும். ஆகவே, என்ன இருந்ததென்று தெரியாத பழைய பீப்பாயில் குடிநீர் பிடித்துவிட்டு, "காய்ச்சித்தானே குடிக்கிறோம்" என்று சொல்வதில் பொருளில்லை. பழைய ஸ்டோரில் பெயரழிந்த டின் எதையேனும் கண்டால் திறக்காதீர்கள், கால்வாயில் கொட்டாதீர்கள், நிர்வாகத்திடம் தெரிவியுங்கள்.

இனி ஈயம். நம் மொழியில் இரண்டு உலோகங்களுக்கு ஒரே பெயர் வழங்குவது ஒரு சங்கடம். இரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அதில் தீங்கில்லை. அதனோடு காரீயம் கலந்திருந்தால் புளி அதைக் கரைத்து இரசத்தில் சேர்த்துவிடும். கட்டியாகக் கிடப்பதை விடக் கரைந்த காரீயமே உடலில் எளிதில் சேர்கிறது. இரத்தத்தின் செந்நிறப் பொருளை உண்டாக்கும் ஒரு நொதியில், கந்தகங்கள் தாங்கி நிற்கும் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அது அமர்ந்துகொள்கிறது; சோகை வருகிறது. சுண்ணாம்புச் சத்தைப் போல வேடமிட்டு எலும்புக்குள்ளும் பல்லாண்டு தங்குகிறது. தாய் கருவுற்ற காலத்தில் எலும்பிலிருந்து வெளிவந்து, குழந்தையைச் சேர்கிறது. பிள்ளைகளின் மூளையைக் கெடுப்பதில் அதற்கு இணையில்லை. தூண்டிலுக்குக் குண்டு வார்க்க, பழைய கார் பேட்டரியை வீட்டுப் புறத்தில் உருக்கும் வழக்கம் உடையோர் இதைக் கேட்க வேண்டும். அந்தப் புகையும் தூளும் முதலில் சேர்வது தவழும் குழந்தையிடமே.

பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்புகளை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்துத் தடுத்திருக்கிறது. தோலுக்குக் கருநிறம் தரும் நொதியை முடக்குவதால் முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் சிறுநீரகத்தில் சேர்ந்து அதையும் முடக்குகிறது. தாயின் கையிலிருந்தும் துண்டிலிருந்தும் அது குழந்தைக்குச் செல்லும். அமைச்சின் அறிவிப்பு எண் இல்லாத களிம்பை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

ஐயம் ஏற்பட்டால் மருத்துவமனைக்குச் செல்லும்போது அந்த டின்னையோ களிம்புப் புட்டியையோ மூடி, பையிலிட்டு உடன் கொண்டு செல்லுங்கள். எந்த உலோகம் என்று அறிந்தாலன்றி எந்த மருந்து என்று மருத்துவர் முடிவு செய்ய இயலாது. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் இவ்வகையில் மருத்துவர்களுக்கு ஆலோசனை வழங்குகிறது. மருத்துவர் சிறுநீரோ இரத்தமோ மட்டுமின்றி, சில வேளைகளில் நகத்தையும் மயிரையும் கேட்கலாம், திகைக்க வேண்டாம். இரத்தத்திலிருந்து ஆர்செனிக் விரைவில் நீங்கிவிடும். மயிரிலுள்ள கந்தகமோ அதைப் பிடித்து வைத்திருக்கும். மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், நஞ்சு எந்த மாதத்தில் உடலில் சேர்ந்தது என்பதைக்கூட அளந்து ஓரளவு சொல்லிவிடலாம்.