பூட்டாத பூங்கா வேண்டும்

(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் பிள்ளைகளில் பலர் பிழைப்பிற்காகச் சென்னையில் குடியேறியுள்ளனர். அங்கே மரநிழலில் அமரவும் பூங்காவைத் தேடிச் செல்ல வேண்டியுள்ளது. பூங்கா இருந்தால் மட்டும் போதாது. வேலை முடித்து வருபவரின் நேரத்தில் அதன் கதவு திறந்திருக்க வேண்டும். முதியோர்க்கு நடைபாதை, பெண்களுக்குக் கழிப்பறையும் விளக்கொளியும், சக்கர நாற்காலி நுழைய வாயில் வேண்டும். இவையில்லாத பூங்கா பலருக்குப் பூட்டிய பூங்காவே.

நம் மாநிலத்தில் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959-லேயே சட்டம் இயற்றப்பட்டது. பெங்களூரில் பூங்காவிற்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு அளித்தபோது, அப்பகுதிவாசிகளே வழக்குத் தொடுத்தனர். மருத்துவமனையும் மக்களுக்குத்தானே என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1991-இல் ஏற்கவில்லை. மக்கள் கேட்டதால் அந்த நிலம் பூங்காவிற்கே நின்றது.

ஏரியும் கடலும் சூழ்ந்த பழவேற்காட்டிற்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் ஏரிக்கரை வெறும் காட்சியிடம் அன்று. படகு கட்டுவதும் வலை உலர்த்துவதும் மீன் பிரிப்பதும் அங்கேதான். அழகுபடுத்துவதாகச் சொல்லி வேலியிட்டால், சுற்றுலா வருவோருக்குத் திறந்த கதவு மீனவருக்கு அடைபடும். மேலும், ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயமாகும். பூநாரைகள் மேயும் நீரருகே விளக்குகளும் இரைச்சலும் ஆகா.

ஆனால், நாளெல்லாம் வீட்டினுள் பனையோலைப் பெட்டி முடையும் நம் பெண்கள் மாலையில் அச்சமின்றிக் காற்று வாங்க நிழலும் இருக்கையும் கொண்ட இடம் வேண்டாமா?

ஆகவே, வலை உலரும் கரையை விடுத்து, ஊருக்குள் பொருத்தமான பொது நிலத்தைக் கண்டறிய ஊராட்சியைக் கேட்போம். இடத்தை நாம் மட்டும் முடிவு செய்யலாகாது. மீனவக் குப்பத்தாரும் எல்லாச் சமயத்தாரும், குறிப்பாகப் பெண்களும், கலந்து பேச வேண்டும். உப்புக் காற்றைத் தாங்கும் பூவரசு, புங்கை, பனை ஆகியவற்றை நடுவோம். நடுவதோடு நில்லாமல், ஆடு கடிக்காமல் கூண்டிட்டு, வேர் பிடிக்கும்வரை நீர் ஊற்றும் பொறுப்பைத் தெருவாரியாக இளைஞர்கள் ஏற்கட்டும்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூடுகிறது. வருகின்ற சபையில் ஆண்களும் பெண்களும் திரளாகச் சென்று இதனைத் தீர்மானமாகப் பதிவு செய்வோம். கேட்காத உரிமை ஏட்டிலேயே உறங்கிவிடும். வல்ல இறைவன் நம் முயற்சிக்குத் துணை நிற்பானாக! வஸ்ஸலாம்.