மாரியம்மன் நின்றாள், தமிழ் நிற்கவில்லை
(சுங்கை பினாங்கில் ஆற்றிய உரை)

தோழர்களே! கிராணிமார்களே!

1853-ல் பிரெஞ்சுக்காரன் நம்மவரைக் காரைக்கால், புதுவையிலிருந்து கப்பலேற்றி, மேற்கிந்தியத் தீவான மார்த்தினிக்கின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனான், 1854-ல் குவாதலூப்புக்கும். அங்கே மாரியம்மன் இன்றும் இருக்கிறாள், 'மாலியெமென்' என்ற பெயரில். பூசையில் தமிழ்ப் பாட்டு உண்டு. கும்பிடுகிறவர் பலருக்குப் பொருள் தெரியாது. வீட்டில் பேச்சு கிரியோல். மசாலாக் குழம்புக்குப் பெயர் 'கொலம்போ'! பள்ளிக்கூடத்தில் பாடம் பிரெஞ்சில். தமிழ் எங்கே தங்கும்? ஓட்டுரிமைக்கே குவாதலூப்பில் ஹென்றி சிதம்பரம் 1904 முதல் 1923 வரை வழக்காட வேண்டியிருந்தது.

இங்கே, கூட்டு மலாய் மாநிலங்களில், 1912-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. துரைக்குத் தமிழ்மேல் ஆசையா? ஆள் தோட்டத்தை விட்டுப் போகாதிருக்கவேண்டும் என்ற கணக்கு. எப்படியோ எழுத்து தங்கியது.

இப்போது லயமும் போயிற்று, துரையும் போய்விட்டார். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தவர்கள் கை தூக்குங்கள், பார்ப்போம்.