பார்த்துவிட்டுப் போகிறவர்களிடம் நாம் கேட்பது

(பளையில் நடைபெற்ற சந்திப்பில், களப் பயணமாக வந்திருந்த இறையியல் மாணவர்களிடையே எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



உங்களில் சிலர் கடல் கடந்து வந்திருக்கிறீர்கள். சிலர் இந்நாட்டு இறையியல் கல்லூரிகளில் படிப்பவர்கள். "உலக நீதி" என்ற பாடத்துக்காக வந்திருப்பதாகவும், அதில் "தோட்டத் தொழிலாளர் வாழ்வு" என்று ஒரு பகுதி இருப்பதாகவும் எங்களுக்கு அறிவித்திருந்தீர்கள். தோட்டத் தொழிலாளரைப் பார்ப்பதற்கு ஹட்டனுக்கோ பதுளைக்கோ போகாமல் இந்த மணல் தரைக்கு எதற்காக அழைத்தீர்கள் என்று இன்று காலையில் உங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. முதலில் அதற்குப் பதில் சொல்கிறோம்.

மலைநாட்டுக்குப் போனால் பச்சைப் பசேலென்ற மலையும், கூடை சுமந்த பெண்களும் கண்ணில் படுவார்கள். அந்த மலையிலிருந்து துரத்தப்பட்டவர்கள் கண்ணில் படமாட்டார்கள். அவர்களில் பலர் இங்கே, வன்னியில் இருக்கிறார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள். அதற்கு முன்பும் பின்பும், 1958, 1977, 1983 என்று அடி விழுந்தபோதெல்லாம் குடும்பம் குடும்பமாக வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தார்கள். காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள், பிறர் வயலில் கூலிக்கு நின்றார்கள். பிறகு போர் வந்தது. மலையில் ஓடியவர்கள் இங்கேயும் ஓடினார்கள். இன்றும் அவர்களில் பலரிடம் குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி இல்லை.

இந்தப் பளையும் தோட்டப் பகுதிதான். தேயிலைக்குப் பதிலாகத் தென்னை. ஷெல் விழுந்து தலை போன தென்னைகள் நின்ற காணிகளில் புதுக் கன்று நட்டு வளர்த்தது தொழிலாளர் கைகள். பக்கத்தில் முகமாலையில் ஆண்டுக்கணக்காகக் கண்ணிவெடி அகற்றினார்கள். அந்த வேலைக்குப் போனவர்களில் இந்தப் பகுதிப் பெண்களும் உண்டு. தேங்காய் பறிப்பவருக்கும் உரிப்பவருக்கும், கிடுகு பின்னும் பெண்ணுக்கும் பெரும்பாலும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் காசு இல்லை. மலையில் பிரட்டுக்கு நிற்கும் தொழிலாளிக்காவது சம்பளச் சபை அடிப்படை நாட்சம்பளத்தை 2021இல் 900 ரூபா என்றும், பிறகு 2024இல் 1,350 ரூபா என்றும் நிர்ணயித்தது. இங்கே நாட்கூலிக்கு நிற்பவர் யாரிடம் போய்க் கேட்பது? அதனால்தான் உங்களைப் பளைக்கு அழைத்தோம்.

இனி நாம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். எங்கள் மனதில் உள்ள ஒரு சம்பவத்தை மறைக்காமல் சொல்வதுதான் மரியாதை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு உங்களைப் போலவே ஒரு மாணவர் குழு வந்தது. அழைத்துப் போனவர்கள் நாங்கள்தான். ஒரு லயத்தின் வாசலில் கொழுந்து பறிக்கும் தோழியர் ஒருவரைப் பேசச் சொன்னோம். அவர் மனம் திறந்து பேசினார். கிலோ குறைந்தால் அரைப் பேர் போடுவதைச் சொன்னார். மலசலகூடம் இல்லாத கஷ்டத்தைச் சொன்னார். மலையில் வேலை பார்ப்பிக்கிறவர் பேசும் பேச்சையும் சொன்னார். மாணவர்களில் இரண்டு பேர் அழுதார்கள். படம் எடுத்தார்கள். பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தார்கள். போய்விட்டார்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு, நன்கொடை கேட்கும் ஒரு துண்டுப்பிரசுரத்தில் அந்தத் தோழியரின் படம் வந்தது. கீழே அவர் பெயர், தோட்டத்தின் பெயர், அவர் சொன்ன வார்த்தைகள். அது எப்படியோ தோட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மறுவாரமே அவரைக் கொழுந்து மலையிலிருந்து எடுத்து, புல்வெட்டுக்குப் போட்டார்கள். பிரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் "வெள்ளைக்காரனிடம் போய்ச் சொல்" என்று கேலி பேசினார்கள். நாங்கள் நிர்வாகத்துடன் பேசி அவரை மீண்டும் கொழுந்துக்குக் கொண்டுவர மூன்று மாதம் பிடித்தது.

அவர் எங்களிடம் சொன்னது இதுதான்: "படம் புடிச்சவங்க நல்லவங்கதான் தலைவரே. ஆனா அவங்க பொயிட்டாங்க. நான் இங்கதானே இருக்கேன்?"

அந்த மாணவர்கள் மீது பழி போட்டுத் தப்பிக்க நாம் விரும்பவில்லை. படம் எங்கே போகும் என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்ற பெருமை எங்கள் கண்ணையும் மறைத்தது. அதன் பிறகு கொஞ்ச காலம் இப்படியான குழுக்களே வேண்டாம் என்று இருந்தோம்.

வேண்டாம் என்று சொன்னவர்களில் நாம் முதல் ஆள் இல்லை. 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில் இவான் இலிச் என்ற கத்தோலிக்கக் குரு, அமெரிக்காவிலிருந்து சேவை செய்ய வந்த மாணவர்களைப் பார்த்து முகத்துக்கு நேரே பேசினார். உங்கள் நல்லெண்ணத்தால் இந்த மக்களுக்குக் கேடுதான். உதவி செய்கிறோம் என்று வராதீர்கள். படிக்க வேண்டுமானால் வாருங்கள். இதுதான் அவர் பேச்சின் சாரம். அந்தப் பேச்சை உங்கள் பாடத்திலும் வாசித்திருப்பீர்கள்.

இலிச் சொன்னதில் பாதியை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் படிக்க வருவதும் இலவசம் இல்லை. நீங்கள் படிக்கும் பாடத்துக்கு யாரோ ஒருவர் தன் நேரத்தைக் கொடுக்கிறார், சில வேளை தன் வேலையையும் பணயம் வைக்கிறார். வந்து பார்த்தவர் அந்தக் கடனைத் தீர்த்த சரித்திரமும் இருக்கிறது. அப்படி இரண்டை இங்கே சொல்கிறோம்.

முதலாவது, பீஜித் தீவுகள். எங்கள் முன்னோரைக் கங்காணிகள் இலங்கைக்குக் கூட்டிவந்தது போல, பீஜியின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப் போனார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் போனது. 1915இல் சி. எப். ஆன்ட்ரூஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், பியர்சன் என்ற நண்பருடன் பீஜிக்குப் போனார். அங்கே இருந்தது சில வாரங்கள்தான். உங்கள் பயணத்தைவிட அதிகம் நீளமில்லை. ஆனால் அவர்கள் கூலி லயங்களுக்குள் நேரே போனார்கள். ஆட்களைச் சேர்த்தபோது சொன்னதையும் அங்கே நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேலையில் தவறினால் சிறை என்பது கையெழுத்து வைத்த ஏழைக்குத் தெரிவிக்கப்படவே இல்லை என்பதைக் கண்டார்கள். 1916இல் அறிக்கை வெளியிட்டார்கள். அந்த ஆண்டே இந்திய அரசு ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்கும் கோரிக்கையை ஏற்றது. 1917இல் ஆள் சேர்ப்பு நின்றது. அதே ஆண்டு ஆன்ட்ரூஸ் மறுபடியும் பீஜிக்குப் போனார். 1920 ஜனவரி முதலாம் திகதி மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் இரத்தாயின.

அவர் ஒருவரால்தான் அது நடந்தது என்று நாம் சொல்லவில்லை. தொழிலாளர் பட்ட பாடும், இந்தியாவில் எழுந்த எதிர்ப்பும் சேர்ந்துதான் அதைச் சாதித்தன. ஆனால் அவர் தன் பங்கைச் செய்தார். பார்த்ததை, அதை மாற்றும் அதிகாரம் உள்ளவர் மேசையில் கொண்டுபோய் வைத்தார். பிறகு திரும்பி வந்தார்.

இரண்டாவது, எங்கள் நாட்டிலேயே நடந்தது. கண்டி மறைமாவட்ட ஆயராக இருந்த லியோ நாணயக்கார, 1972இல் புதிதாக உருவான பதுளை மறைமாவட்டத்துக்குப் போனார். கண்டியை விட்டு, ஏழை விவசாயிகளும் தோட்டத் தொழிலாளரும் நிறைந்த ஊவாவுக்குப் போனார் என்பதைக் கவனியுங்கள். அங்கே பண்டாரவளையில் "சேவக செவன" என்ற குருமாணவர் பயிற்சி இல்லத்தைத் தொடங்கினார். குருவாக வருகிறவன் மதிலுக்குள் புத்தகம் படித்தால் மட்டும் போதாது, தான் யாருக்காகக் குருவாகிறானோ அந்த மக்கள் நடுவில் உருவாக வேண்டும் என்பது அவர் எண்ணம். அதே 1972இல் கண்டியில் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் "சத்யோதய" அமைப்பைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, தோட்ட மக்களின் உரிமைக்காக உழைத்த இடம் அது.

சேவக செவனவில் கற்பித்தவர்களில் ஒருவர் அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ. படித்த மேதை. அவர் 1980இல் புத்தளைக்குப் பக்கத்தில், பௌத்த சிங்கள விவசாயிகளின் கிராமத்தில் "சுப செத் கெதர" என்ற எளிய வீட்டில் குடியேறினார். யாரையும் மதம் மாற்றப் போகவில்லை. கரும்புக் கம்பனிக்கு நிலம் இழந்த விவசாயிகளின் பக்கம் நின்றார். 1987 நவம்பர் 10ஆம் திகதி, அந்த வீட்டில் திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பார்த்துவிட்டுப் போனவர் இல்லை, இருந்துவிட்டவர்.

எல்லோரும் மைக்கல் அடிகளாக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கேட்க எங்களுக்கு உரிமையும் இல்லை. இரண்டு வாரத்தில் நாடு திரும்புகிறவரிடம் என்ன கேட்கலாமோ அதைத்தான் கேட்கிறோம். இனி எந்தக் குழு வந்தாலும் எமது சங்கம் முன்வைக்கப்போகும் நிபந்தனைகள் ஐந்து.

ஒன்று: வருவதற்கு முன் ஒரு சம்பளத் துண்டை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எத்தனை பேர், எத்தனை அரைப் பேர், ஊழியர் சேமலாப நிதிக்கு எவ்வளவு, முற்பணத்துக்கு எவ்வளவு, கையில் எவ்வளவு. அதை நாமே சொல்லித் தருகிறோம். ஒரு தோட்டத்தின் அநியாயம் முழுவதும் அந்தச் சிறு தாளில் எழுதியிருக்கிறது.

இரண்டு: தொழிலாளரின் நேரம் கூலி. வேலை நாளில் ஒருவரைக் கூப்பிட்டுப் பேச வைத்தால் அவர் பேர் போகும். ஆகவே மாலையிலோ விடுமுறை நாளிலோதான் சந்திப்பு. பிள்ளைகளுக்கு இனிப்பு, பேனா என்று எதுவும் வேண்டாம். பிள்ளைகள் விருந்தாளியைப் பார்த்துக் கை நீட்டப் பழகக்கூடாது.

மூன்று: கேட்காமல் படம் இல்லை. கேட்டு எடுத்த படமும், பெயரும், தோட்டத்தின் பெயரும் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் எங்கும் வெளிவரக்கூடாது. ஏன் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

நான்கு: நீங்கள் எழுதும் அறிக்கையோ கட்டுரையோ எதுவானாலும் அதன் தமிழ்ப் பிரதி ஒன்று எங்களுக்கு வர வேண்டும். நாங்கள் கூடி வாசிப்போம். பிழை இருந்தால் சொல்வோம். எங்களைப் பற்றி எழுதியதை நாங்கள்தான் கடைசியாக அறிவது என்ற நிலை மாற வேண்டும்.

ஐந்து: உங்கள் வீட்டையும் பாருங்கள். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

அநியாயத்தைப் பார்க்கப் பளை வரை பயணம் செய்கிறீர்கள். பயணம் நல்லதுதான். ஆனால் உங்கள் கல்லூரிச் சமையலறையில் விடியற்காலையில் அடுப்பு மூட்டுகிறவருக்கு என்ன சம்பளம்? அவருக்குச் சேமலாப நிதி கட்டப்படுகிறதா? உங்கள் சபைக்குக் காணி இருந்தால், அதில் தேங்காய் பறிக்கிறவருக்கு எண்ணிக்கைக் கூலியா, நாட்சம்பளமா? ஆராதனை முடிந்து நீங்கள் குடிக்கும் தேநீரின் இலையைப் பறித்தவருக்கு அந்த விலையில் என்ன போய்ச் சேருகிறது? இந்தக் கேள்விகளை எங்கள் ஊரில் கேட்பது எளிது. உங்கள் சொந்த ஊரில், உங்கள் மேலாளர் முன்னால் கேட்பது கஷ்டம். ஆன்ட்ரூஸ் தன் சொந்த நாட்டு ஆட்சியின் முகத்துக்கு நேரேதான் கேட்டார்.

எங்கள் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. விருந்தாளி வந்தால் நாமும் நல்லதை மட்டும் காட்டுகிறோம், அல்லது கண்ணீரை மட்டும் காட்டுகிறோம். சங்கத்தில் பெண்கள் சந்தா கட்டுகிறார்கள், ஆண்கள் மேடையில் இருக்கிறோம். லயத்தில் சாராயம் எடுக்கும் சம்பளம் எவ்வளவு என்பதும் எங்களுக்குத் தெரியும். நீதி கேட்கிறவர்கள் இவற்றையும் மறைக்காமல் பேச வேண்டும். கேள்வி கேட்க வந்த பிள்ளைகள் எங்களையும் கேட்கட்டும்.

2023இல், எங்கள் முன்னோர் வந்த 200ஆம் ஆண்டை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28ஆம் திகதி தொடங்கி ஓகஸ்ட் 12 வரை. தேசிய கிறிஸ்தவ மன்றமும் மலையக அமைப்புகளும் சேர்ந்து அதை நடத்தின. கடற்கரையில் இறங்கி, காட்டு வழியில் செத்து விழுந்தும் நடந்தவர்களின் பாதையில், வெயிலில் கூடவே நடந்தார்கள். கூட நடந்தவர்களிடம் எங்கள் மக்கள் கதையைச் சொல்லத் தயங்கவில்லை.

நாளைக் காலை ஆறு மணிக்கு இங்கே ஒரு தோட்டத்தில் தேங்காய் உரிக்கத் தொடங்குவார்கள். நாளை ஞாயிற்றுக்கிழமை, இருந்தாலும் வேலை இருக்கிறது. விரும்புகிறவர்கள் வரலாம். கமெராவை விட்டுவிட்டு வாருங்கள். உரிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, மட்டையை அள்ளிக் குவிக்கலாம். அந்தக் கூலி உங்கள் கணக்கில் வராது. பக்கத்தில் நிற்கும் தோழியரின் கணக்கில் சேரும்.

பதினெட்டு மாதம் கழித்து உங்களில் ஒருவராவது ஒரு கடிதம் எழுதுங்கள். எங்கள் நலம் விசாரித்து அல்ல. உங்கள் கல்லூரிச் சமையலறையில் என்ன மாறியது என்று எழுதுங்கள். அதை இந்த மடலில் அச்சிட்டு, பளையிலும் மலையிலும் வாசித்துக் காட்டுவோம்.